தரை வழுக்குமா? கண் சொல்வதும் கால் சொல்வதும்

கேள்வி இதுதான்: ஒரு தரை வழுக்குமா என்று காலை வைப்பதற்கு முன்பே நாம் எப்படிக் கணிக்கிறோம்? அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்? பளபளவென்று இருந்தால் வழுக்கும் என்பது சரிதானா? காலால் தேய்த்துப் பார்ப்பது போதுமா? டைல்ஸ் பெட்டியில் போட்டிருக்கும் ஆர் 9, ஆர் 10 என்ற குறிகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடந்து பார்த்த பிறகு, எந்தத் தரை அதிகம் வழுக்கியது, எது குறைவாக வழுக்கியது என்று சொல்வதில் மனிதர்கள் நன்றாகவே தேறுகிறார்கள். நடப்பதற்கு முன் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். ஆனால் நடையில் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை பெரும்பாலும் கண்ணிலிருந்து வருவதுதான். விழுகிறவர்களில் பலர் விழுவது தரை மோசமாக இருந்ததால் மட்டும் இல்லை. கண் எதிர்பார்த்த தரை ஒன்று, காலுக்குக் கிடைத்தது வேறொன்று என்பதால் விழுகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள, வழுக்கல் என்பது தரையின் குணம் மட்டும் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தரை, செருப்பின் அடிப்பாகம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரோ எண்ணெயோ தூசியோ, அப்புறம் நாம் நடக்கும் விதம் என நான்கும் சேர்ந்துதான் வழுக்கலை முடிவு செய்கின்றன. இயற்பியல் பாடத்தில் படித்த உராய்வுக் குணகம் இங்கே உதவும். காலை முன்னோக்கித் தள்ளும் விசையை, காலைக் கீழே அழுத்தும் விசையால் வகுத்தால் வரும் எண், அந்த அடிக்கு எவ்வளவு பிடிப்பு தேவை என்பதைச் சொல்லும். சமதளத்தில் நேராக, சாதாரண வேகத்தில் நடக்கும்போது இந்தத் தேவை ஏறக்குறைய 0.2. சட்டென்று திரும்பினாலோ, ஓடினாலோ, சரிவில் இறங்கினாலோ, கனமான பொருளைத் தள்ளினாலோ தேவை கூடும். தரையும் செருப்பும் சேர்ந்து தருகிற பிடிப்பு இந்தத் தேவையை விட அதிகமாக இருக்கும் வரை நடை ஒழுங்காகப் போகும். சுத்தமான, காய்ந்த தரையில் ரப்பர் அடிப்பாகம் 0.5-க்கு மேல் எளிதாகத் தரும். அதே தரை வழவழப்பாக இருந்து, மேலே எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ சிந்தியிருந்தால் 0.1-க்குப் பக்கத்தில்கூட இறங்கிவிடும். ஆகவே 'இந்தத் தரை வழுக்குமா' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. யார், எதை அணிந்துகொண்டு, எப்படி நடக்கிறார் என்பதும் சேர்ந்த கேள்வி அது.

இப்போது ஒரே ஒரு அடியை மட்டும் நெருக்கமாகப் பார்ப்போம். முன்னே போகும் காலின் குதிகால் தரையைத் தொடுகிறது. தொடும் கணத்தில் அது இன்னும் கொஞ்சம் முன்னோக்கி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பாதம் முழுவதும் தரையில் படியவில்லை. குதிகாலின் பின்விளிம்பில் ஒரு சிறிய பகுதி மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கிறது. உடலின் எடை பின்காலிலிருந்து அந்தச் சிறிய பகுதியை நோக்கி வேகமாக வந்துகொண்டிருக்கிறது. தொட்டதிலிருந்து சுமார் 0.1 நொடியில், முன்னோக்கித் தள்ளும் விசைக்கும் அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம் உச்சத்துக்குப் போகிறது. பிடிப்பு போதவில்லை என்றால் கால் அங்கேயே முன்னால் ஓடிவிடும், உடல் பின்னால் சாயும். பெருவிரலால் உந்தும்போதும் கால் வழுக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எடை முன்காலுக்குப் போய்விட்டதால் அது அவ்வளவு ஆபத்தில்லை. மோசமான விழுதல் பெரும்பாலும் குதிகால் வைக்கும் கணத்தில் நடப்பதுதான்.

சிறு சறுக்கல்கள் நல்ல தரையிலும் நடக்கின்றன, நாம் கவனிப்பதே இல்லை. குதிகால் 2 சென்டிமீட்டர் அளவுக்குச் சறுக்கினால் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. அதற்கு மேல் போனால் 'அய்யோ' என்று உடல் விழித்துக்கொள்ளும். ஸ்வீடனில் ஸ்ட்ராண்ட்பெரி, லான்ஸ்ஹமார் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து ஒரு அளவுகோல் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது: சறுக்கும் தூரம் சுமார் 10 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வேகம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டினாலோ, சமாளிப்பது கடினம். சறுக்கலை உணர்ந்த உடல் முழங்காலையும் இடுப்பையும் திருத்தத் தொடங்குவது, குதிகால் தொட்டதிலிருந்து ஏறக்குறைய 0.2 நொடி கழித்துத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். வழுக்கத் தொடங்குவது 0.1 நொடிக்குள், திருத்தம் வருவது 0.2 நொடியில். நடக்கும்போது கால் உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் தாமதமாகச் சொல்கிறது.

அதனால்தான் உடல் முன்கூட்டியே கணித்து நடக்கிறது. இதை மிக அழகாகக் காட்டியது சாம், ரெட்ஃபெர்ன் ஆகியோர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு. காய்ந்த தரைதான். ஆனால் 'வழுக்கினாலும் வழுக்கலாம்' என்று நடப்பவர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான், அவர்களுடைய நடைக்குத் தேவைப்பட்ட பிடிப்பு 16 முதல் 33 சதவீதம் வரை குறைந்துவிட்டது. அடி சிறிதானது, பாதம் தட்டையாக இறங்கியது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. ஒருமுறை வழுக்கிய பிறகு, 'இனி தரை காய்ந்துதான் இருக்கும்' என்று சொல்லிய பின்னும் அவர்கள் நடை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

சிறிய அடி ஏன் உதவுகிறது? அடி நீளமாக இருந்தால் கால் தரையோடு அதிகச் சாய்வில் இறங்கும். சாய்வு கூடக்கூட, எடையில் முன்னோக்கித் தள்ளும் பங்கு கூடும். அடியைக் குறைத்தால் கால் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்கும், தள்ளும் பங்கு குறையும். தரை மாறவில்லை, செருப்பும் மாறவில்லை. நாம் தரையிடம் கேட்கும் பிடிப்பு மட்டும் குறைந்துவிடுகிறது. மிக மோசமாக வழுக்கும் பரப்பில்கூட மனிதர்கள் விழாமல் நடந்து போவது இப்படித்தான். வழுக்கும் என்று தெரிந்திருப்பதே பெரிய பாதுகாப்பு.

சரி, அந்த 'தெரிந்திருப்பது' எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பளபளப்பிலிருந்து. 2006-ல் அமி ஜோ, கேரன் அடால்ஃப் உள்ளிட்ட குழுவினர் இதைச் சோதித்தார்கள். பளபளப்பைப் பார்த்துத்தான் மனிதர்கள் வழுக்கலைக் கணிக்கிறார்கள், ஆனால் பளபளப்பு நம்பத்தகுந்த அடையாளம் இல்லை என்பதே அவர்கள் கண்டது. வெளிச்சம் மாறினால், நிற்கும் தூரம் மாறினால், ஒரே பரப்பு வேறு மாதிரி தெரியும். ஜன்னலுக்கு எதிரே நின்று பார்த்தால் கண்ணாடியாக மின்னும் தரை, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தால் மங்கலாக இருக்கும். பிடிப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றுதான்.

இதற்கு ஒரு அடிப்படைக் காரணம் இருக்கிறது. ஒரு பரப்பு மின்னுமா மின்னாதா என்பதை முடிவு செய்வது ஒளியின் அலைநீளத்துக்குப் பக்கத்தில் உள்ள மேடுபள்ளங்கள், அதாவது ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும்) குறைவானவை. நனைந்த தரையில் கால் பிடிக்குமா என்பதை முடிவு செய்வது பத்து இருபது மைக்ரான் உயரமுள்ள மேடுபள்ளங்கள். கண் பார்த்துச் சொல்வது ஒரு அளவைப் பற்றி, காலுக்கு வேண்டியது வேறொரு அளவு. இரண்டும் பல நேரம் சேர்ந்தே போகும் என்பதால் கண்ணின் கணிப்பு ஓரளவுக்குச் சரியாக வருகிறது. சேர்ந்து போகாத இடங்களில் ஏமாற்றிவிடுகிறது. மங்கலான மேல்பூச்சு உள்ள டைல் பார்வைக்குச் சொரசொரப்பாகத் தெரியும், தண்ணீர் பட்டதும் வழுக்கித் தள்ளும். இன்னொரு டைல் மின்னும், ஆனால் மேல்பூச்சில் நுண்ணிய மணல்துகள் கலந்திருப்பதால் நனைந்தாலும் கால் நிற்கும்.

கண்ணுக்குத் தெரிகிற பெரிய புடைப்புகளும் இப்படித்தான். தொழிற்சாலைப் படிகளில் போடுகிற, வரிவரியாகப் புடைத்த இரும்புத் தகட்டைப் பார்த்தால் யாருக்கும் தைரியம் வரும். ஆனால் அந்தப் புடைப்புகளின் உச்சி தேய்ந்து வழவழப்பாக இருந்தால், எண்ணெய் பட்டதும் செருப்பு அந்த உச்சிகளின் மேலேயே வழுக்கிப் போகும். செருப்பு தொடுவது உச்சிகளை மட்டும்தான் என்பதால், பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை விட உச்சி எவ்வளவு சொரசொரப்பு என்பதுதான் முக்கியம்.

தூசியும் மாவும் மெல்லிய மணலும் இன்னொரு வகை. இவை மின்னவே மின்னாது, தரையை மங்கலாக்கிவிடும். அதனால் கண் 'இது காய்ந்த தரை, பயமில்லை' என்று சொல்லிவிடும். கெட்டியான தரைக்கும் செருப்புக்கும் நடுவில் அந்தத் துகள்கள் உருண்டு, பிடிப்பைக் கெடுத்துவிடும். என்னைக் கேட்டால் தண்ணீரை விட இது வஞ்சகமானது, ஏனென்றால் தண்ணீருக்கு நாம் எப்படியும் பயப்படுகிறோம்.

தண்ணீரிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. தேங்கி நின்றால்தான் ஆபத்து, துடைத்துவிட்ட லேசான ஈரம் பரவாயில்லை என்று நினைக்கிறோம். வழவழப்பான தரைக்கு மெல்லிய ஈரப்படலமே போதும். குதிகால் வேகமாக இறங்கும்போது, நடுவில் உள்ள தண்ணீர் ஒதுங்கி ஓட நேரம் கிடைக்காமல் மாட்டிக்கொள்ளும். மழைச் சாலையில் வேகமாகப் போகும் வண்டிச் சக்கரம் தண்ணீரின் மேல் ஏறி மிதப்பதைப் போல, செருப்பும் ஒரு கணம் அந்தப் படலத்தின் மேல் மிதக்கும். தரையில் போதுமான சொரசொரப்பு இருந்தால் அதன் உச்சிகள் படலத்தைக் கிழித்துக்கொண்டு செருப்பைத் தொடும். திரவம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு உயரமான உச்சிகள் வேண்டும். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ தரும் வழிகாட்டியில், வெறும் தண்ணீருக்கு 20 மைக்ரான் சொரசொரப்பு போதும், சோப்புத் தண்ணீருக்கும் பாலுக்கும் 45, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கு 70 வேண்டும். மழைநீரில் நன்றாக நிற்கும் தரை, அதே இடத்தில் எண்ணெய் சிந்தினால் கைவிட்டுவிடும் என்பதன் காரணம் இதுதான். மனிதத் தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். நின்ற உயரத்திலிருந்து இருபதுக்கும் நாற்பத்தைந்துக்கும் வித்தியாசம் காண எந்தக் கண்ணாலும் முடியாது.

அப்படியானால் காலால் தேய்த்துப் பார்க்கலாமா? பார்க்கலாம், கண்ணை விட அது நிச்சயம் மேல். பாதமோ செருப்போ தரையில் உரசும்போது கிடைக்கும் எதிர்ப்பு உண்மையான தகவல். 1992-ல் வெளியான ஒரு ஆய்வில், கட்டுமான இரும்பு வேலை செய்பவர்களையும் மாணவர்களையும் வெவ்வேறு பூச்சும் படிவும் உள்ள எஃகு உத்திரங்களில் நடக்க வைத்து, எவ்வளவு வழுக்கியது என்று கேட்டார்கள். அவர்கள் தந்த மதிப்பெண்ணும் கருவி அளந்த உராய்வும் நன்றாகவே ஒத்துப்போயின. காலுக்கு அந்தத் திறமை இருக்கிறது.

ஆனால் நாம் பொதுவாகத் தேய்த்துப் பார்க்கும் விதத்தில்தான் கோளாறு. எடை முழுக்கப் பின்காலில் இருக்கும். முன்காலின் விரல்பகுதியை மெதுவாக வைத்து, மெதுவாக இழுத்துப் பார்ப்போம். அந்த மெதுவான அசைவில் தண்ணீர் ஒதுங்கிவிடும், ரப்பர் நேராகத் தரையைத் தொட்டுவிடும், 'பிடிக்குதே' என்று தோன்றும். நடக்கும்போது இறங்குவது விரல் இல்லை, குதிகால், அதுவும் வேகமாக. நின்ற நிலையில் வைத்து இழுத்துப் பார்க்கும் பழைய வகைக் கருவிகளுக்கும் இதே குறை உண்டு. நனைந்த தரையில் வைத்தவுடன் தண்ணீர் பிதுங்கி வெளியேறி ஒட்டிக்கொள்வதால், இருப்பதை விட நல்ல எண்ணைக் காட்டிவிடும். ஆகவே சோதிப்பதென்றால், கைப்பிடியையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, குதிகாலை வைத்து, கொஞ்சம் எடையையும் ஏற்றி, முன்னோக்கிச் சற்று வேகமாகத் தள்ளிப் பாருங்கள். சீராக, சத்தமே இல்லாமல் நழுவினால் சந்தேகப்படுங்கள். கிறீச்சென்று கேட்டால் ரப்பர் பிடித்துப் பிடித்து விடுகிறது என்று அர்த்தம், அங்கே ஓரளவு பிடிப்பு இருக்கிறது. எந்தச் செருப்போடு நடக்கப் போகிறீர்களோ அதே செருப்போடு சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடிப்பாகம் தேய்ந்து மழுமழுவென்று ஆன செருப்புக்கும் புதுச் செருப்புக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், இரண்டு தரைகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்துக்குச் சமமாக இருக்கலாம்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது தரை மாறும் இடங்களைப் பற்றி. முழுக்க வழுக்கும் ஒரு பரப்பில் பத்து அடி நடந்துவிட்டால், உடல் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆபத்து, நல்ல பிடிப்பில் நடந்து வந்த கால் அறிவிப்பே இல்லாமல் பிடிப்பற்ற இடத்தில் இறங்கும்போதுதான். மிதியடி முடிந்து டைல் தொடங்கும் கோடு, வெளியே சிமென்ட், உள்ளே பளிங்கு என்று இருக்கும் வாசல், நிழல் விழுந்து பாசி பிடித்த இரண்டடிப் பகுதி, ஒரே நிறத் தரையில் யாரோ சிந்திவிட்டுப் போன நாலு சொட்டு எண்ணெய். பனிப் பிரதேசங்களில் தார்ச்சாலைமேல் படியும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டியும் இந்த வகைதான். அங்கே இன்னொரு ஏமாற்றமும் உண்டு: கடுங்குளிரில் இறுகிக் கிடக்கும் பனிக்கட்டியை விட, 0 டிகிரிக்குப் பக்கத்தில் லேசாக உருகும் பனிக்கட்டி அதிகம் வழுக்கும். குளிர் குறைந்துவிட்டதே என்று வேகமாக நடப்பவர் சறுக்குவார். நடக்கும்போது 'இந்தத் தரை எப்படி' என்று பார்ப்பதை விட, 'அடுத்த அடியில் என்ன மாறுகிறது' என்று பார்ப்பது பலமடங்கு பயன் தரும். நிறம் மாறுகிறதா, நிழல் வருகிறதா, கசியும் குழாய் இருக்கிறதா, முன்னால் போகிறவர் ஈரக் குடையோடு போனாரா என்று பாருங்கள். பளபளப்பை விட இவை நம்பகமான சாட்சிகள்.

வயதானவர்களுக்கு இது எல்லாமே கூடுதலாகப் பொருந்தும். மங்கலான வெளிச்சத்தில் ஈரத்தையும் காய்ந்த இடத்தையும் பிரித்துப் பார்க்கும் திறன் குறைகிறது. பாதத்தின் தொடு உணர்வும் அதிர்வு உணர்வும் குறைகின்றன. நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குக் காலின் செய்தியே சரியாக வராது. சறுக்கல் தொடங்கிய பிறகு திருத்திக்கொள்ளும் வேகமும் பலமும் குறைவு. இவர்களிடம் 'பார்த்து நட' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. வெளிச்சம் போடுவதும், கைப்பிடி வைப்பதும், தரையை மாற்றுவதும் மற்றவர்களின் வேலை.

அப்புறம் அந்த ஆர் எண்கள். இவை ஜெர்மானிய டிஐஎன் 51130 தரத்திலிருந்து வந்தவை. சாய்வாக ஏற்றக்கூடிய ஒரு மேடையில் டைலைப் பதித்து, மேலே இஞ்சின் எண்ணெய் ஊற்றி, பாதுகாப்புக் கயிறு மாட்டிய ஒருவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார். சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். இனி நிலைத்து நிற்க முடியாது என்று எந்தக் கோணத்தில் ஆகிறதோ, அதுதான் கணக்கு. இத்தனை கருவிகள் வந்த பிறகும் இந்தச் சோதனையின் நடுவில் இருப்பது ஒரு மனிதரின் காலும் அவருடைய கணிப்பும்தான் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். 6 முதல் 10 டிகிரி வரை தாங்கினால் ஆர் 9, 10-க்கு மேல் 19 வரை ஆர் 10, 27 வரை ஆர் 11, 35 வரை ஆர் 12, அதற்கு மேல் ஆர் 13. ஆர் 1 முதல் ஆர் 8 வரை என்று எதுவும் கிடையாது. ஆகவே ஆர் 9 என்பது பதின்மூன்றுக்கு ஒன்பது மதிப்பெண் இல்லை, தேறியவற்றிலேயே கடைசி இடம். இதைத் தெரியாமல் குளியலறைக்கு ஆர் 9 வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

குளியலறையில் வெறுங்காலோடுதான் நடப்போம் என்பதால், அங்கே பார்க்க வேண்டியது டிஐஎன் 51097 என்ற இன்னொரு சோதனை. இதில் சோப்புக் கரைசல், வெறுங்கால். 12 டிகிரியாவது தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. ஏற்கெனவே போட்டிருக்கும் தரையை அளக்க வேண்டுமானால் ஊசல் சோதனை இருக்கிறது. குதிகாலைப் போல ஒரு ரப்பர் பட்டை, ஊசலாடி வந்து நனைந்த தரையை வேகமாக உரசிப் போகும். எவ்வளவு வேகம் இழந்தது என்பதிலிருந்து ஒரு எண் வரும். எச்எஸ்இ கணக்கில் 36-ம் அதற்கு மேலும் என்றால் வழுக்கும் வாய்ப்பு குறைவு, 25 முதல் 35 வரை நடுத்தரம், 24-ம் கீழும் என்றால் அதிகம்.

டைல் வாங்கும்போது இந்த ஊசல் எண்ணைக் கேளுங்கள், நனைந்த நிலையில் எடுத்ததா என்றும் சேர்த்துக் கேளுங்கள். காய்ந்த நிலையில் ஏறக்குறைய எல்லா டைலும் நல்ல எண்ணைத்தான் காட்டும். பெட்டியில் இருக்கும் எண் புது டைலுக்கானது என்பதும் நினைவில் இருக்கட்டும். நாலு வருடம் நடந்து நடைபாதை தேய்ந்த பிறகும், மேலே பாலிஷோ மெழுகோ பூசிய பிறகும், சோப்பைச் சரியாக அலசாமல் தினமும் துடைத்துத் துடைத்து மெல்லிய படலம் படிந்த பிறகும் அந்த எண் செல்லாது. கடைசியாகச் சொன்ன சோப்புப் படலம் மட்டும்தான் காரணம் என்றால் செலவே இல்லாமல் சரிசெய்யலாம்: சோப்பின் அளவைக் குறைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, முழுக்கக் காய விட்டு, பிறகு சிறிது தண்ணீர் தெளித்து மேலே சொன்ன குதிகால் சோதனையைச் செய்து பாருங்கள். அப்போதும் நழுவினால் பிரச்சினை டைலில்தான் இருக்கிறது.